பெரிய லிஸ்டும் சின்ன லிஸ்டும்

சாவிக் கொத்துச் சத்தம்தான் டீச்சர், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கலீர், கலீர் என்று அது வராந்தாவின் அந்தக் கோடியில் கிளம்பும்போதே, இந்தக் கோடியில் நாங்கள் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட ஆரம்பித்துவிடுவோம். நான் நர்ஸிங் படித்த பள்ளியின் மேட்ரன், மிஸ் ரெபேக்கா. இடுப்பில் நாற்பது சாவி. அதில் பாதிக்குப் பூட்டே கிடையாது என்பார்கள். இருக்கட்டுமே. பூட்டா முக்கியம்? சத்தம்தான் முக்கியம். அவர் வருவதற்கு முன்னால் அவர் வருகிறார் என்பது வந்துவிடும். நிர்வாகம் என்றால் அது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகள் வார்டுக்கு இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து தினமும் போன் பண்ணி அழுகிறாள் என்றீர்களே. உங்கள் டோக்கன் எத்தனை? எண்பத்து மூன்றா? எனக்கு எண்பத்தாறு. இப்போதுதான் நாற்பதைக் கூப்பிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கருவூலத்துக்கு வந்து, நான் இன்னும் சாகவில்லை, பென்ஷனை நிறுத்தாதீர்கள் என்று முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கும் வரிசை. காற்றாடியும் நம் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. அதுவரைக்கும் கேளுங்கள். உங்கள் மகளுக்கு உபயோகப்படும்.

என் பெயர் தங்கபுஷ்பம். ஜில்லா ஆஸ்பத்திரியில் நர்ஸிங் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றேன். மூன்று வார்டு, இருபத்திரண்டு நர்ஸ் என் பொறுப்பில். பெண்கள் மருத்துவ வார்டு மாடியில் இருந்தது. நாற்பது கட்டில், அறுபது நோயாளி. மிச்சம் இருபது பேர் தரையில் பாயில். என் அறை கீழே.

இன்சார்ஜாக இருக்கிறவளுக்கு என்ன குணம் வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் டூட்டி லிஸ்ட் எழுதத் தெரிய வேண்டும் என்பேன். எல்லாரும் எழுதுவார்கள். நான் எழுதுவதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முழு வெள்ளைத் தாள். அடிஸ்கேல் வைத்துக் கோடு. காலை டூட்டிக்கு நீல மை, சாயங்காலத்துக்குப் பச்சை, ராத்திரிக்குக் கறுப்பு, வார விடுமுறைக்குச் சிவப்பு. மாசம் இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அடுத்த மாச லிஸ்ட் வார்டுக் கண்ணாடியில் ஒட்டியாகிவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் கோலம் போட்டது மாதிரி இருக்கும். ஒட்டினால் ஒட்டினதுதான். எனக்குப் பதில் அவள், அவளுக்குப் பதில் இவள் என்ற பேச்சே கிடையாது. ஒருத்திக்கு வளைந்தால் இருபத்திரண்டு பேருக்கும் வளைய வேண்டும். அப்புறம் லிஸ்ட் எதற்கு?

முத்தரசி என்று ஒரு பெண். விளாத்திகுளம் பக்கம். தொகுப்பூதியத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் நிரந்தரம் பண்ணுவார்கள். நடுவில் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் போச்சு, ஒரே தாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவள் அப்போது பத்து மாசம் முடித்திருந்தாள். என் அறைக்கு வந்து கதவுப் பக்கம் நின்றாள். பாதி உள்ளே, பாதி வெளியே.

"சிஸ்டர், எனக்குச் சாயங்கால டூட்டி மட்டும் வேண்டாம் சிஸ்டர். காலையிலயும் ராத்திரியிலயும் எத்தனை போட்டாலும் பாக்கேன்."

"ஏன்? சாயங்காலத்துல நோயாளிக கடிச்சிருவாங்களா?"

"மாமியார் மூணு மணிக்கு நாலு வீட்டுல பால் கறக்கப் போயிருவாக. திரும்ப ஒம்பது ஆயிரும். பிள்ளைக்கு ரெண்டு வயசு. வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு. பக்கத்துல கிணறு வேற கெடக்கு."

நான் அடிஸ்கேலைக் கீழே வைத்தேன். பொறுமையாகத்தான் சொன்னேன். "முத்தரசி, இந்த லிஸ்டுக்குக் கண்ணு கிடையாது. அதனாலதான் இது நியாயமா இருக்கு. உனக்கு மாத்தினா நாளைக்கு ஊர்ல இருக்கிற கிணறு எல்லாம் என் மேசைக்கு வந்துரும்."

சரி சிஸ்டர் என்று போய்விட்டாள். அழவில்லை. பாருங்கள், நன்றாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் பதினோரு மாசம் டீச்சர், என் மாடி வார்டில் ஒரு ஆப்சென்ட் கிடையாது. மற்ற வார்டுகளில் தலைவலி, வயிற்றுவலி, பாட்டி செத்துப்போனாள் என்று தினம் ஒரு சீட்டு வரும். ஒரே பாட்டி மூன்று தடவை செத்ததுண்டு. மாடியில் அந்தப் பேச்சே இல்லை. லிஸ்டில் என்ன போட்டிருக்கிறதோ பதிவேட்டில் அதே கையெழுத்து. நானும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். காலையில் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ரவுண்ட்ஸ் போவேன். மிஸ் ரெபேக்கா மாதிரியே இடுப்பில் சாவிக் கொத்து. படி ஏறும்போதே கலீர் கலீர் என்று கேட்கும். நான் மேலே போய்ச் சேரும்போது வார்டு பளிச்சென்று இருக்கும்.

அங்கே சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் பிலோமினா. என்னைவிட நான்கு வருஷம் சின்னவள். வேலையில் கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு. வார்டில் இப்படியா சிரிப்பார்கள்? நோயாளியோடு சிரிப்பாள், துப்புரவு பண்ணுகிற அம்மாளோடு சிரிப்பாள், டாக்டரைப் பார்த்தும் சிரிப்பாள். "நிர்வாகத்துக்குச் சிரிப்பு ஆகாது பிலோமினா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அதனாலதான் சிஸ்டர் நீங்க கீழ இருக்கீங்க, நான் மேல இருக்கேன்" என்பாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

இன்னொரு பெண் ஷமீம் பானு. அவள்தான் என் கண்டுபிடிப்பு. காலை ரவுண்ட்ஸில் "ஷமீம் எங்கே?" என்று கேட்டால், "நோயாளியைக் கூட்டிக்கிட்டு எக்ஸ்ரேக்குப் போயிருக்கா சிஸ்டர்" என்பாள் பிலோமினா. மறுநாள் கேட்டாலும் எக்ஸ்ரே. அடுத்த வாரம் கேட்டாலும் எக்ஸ்ரே. ஒரு நிமிஷம் வார்டில் கால் தரிக்காத பெண் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பொறுப்பு. டாக்டர்களிடம்கூடச் சொன்னேன், நீங்கள் எங்கள் வார்டுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் எக்ஸ்ரே எழுதுகிறீர்கள், பெண் இளைத்துப்போகிறாள் என்று. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் சுதந்திர தினத்தில் சிறந்த நிர்வாகத்துக்குக் கலெக்டர் கையால் ஒரு கேடயம் என்று அறிவித்தார்கள். நான் விண்ணப்பம் எழுதினேன். நான்கு பக்கம். 'பதினோரு மாதங்களாக ஒரு பணி மாற்றமும் இல்லை, ஒருவரும் வராமல் இருந்ததில்லை' என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. எனக்கு அடுத்த மே மாசம் ஓய்வு. அரக்கு நிறப் பட்டுக்கு ரவிக்கைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த கடைசிப் புடவை அது. அவர் போய் ஏழு வருஷமாகப் பிரிக்காமலே பெட்டியில் கிடந்தது. சரி, அது கதைக்கு வேண்டாம்.

ஜூலை மாசம் ஒரு புதன்கிழமை. சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மாடியிலிருந்து துப்புரவு அம்மாள் ஓடி வந்தாள். "சிஸ்டர், ஜே.டி. ஐயா மேல வந்து உட்கார்ந்திருக்காரு. ஒரு சத்தமும் இல்லாம வந்துட்டாரு. உங்களைக் கூப்பிடுதாரு."

ஜே.டி. என்றால் ஜில்லாவிலுள்ள ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மேலதிகாரி. மேலதிகாரி இப்படியா வருவது, பூனை மாதிரி? மரியாதை தெரிந்தவர் முன்னால் போன் பண்ணிவிட்டு வர மாட்டாரா? நான் படி ஏறிப் போனேன். பதிவேடு அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் என் லிஸ்ட். கண்ணாடியிலிருந்து உரித்து எடுத்திருந்தார், ஒரு ஓரம் கிழிந்துபோயிருந்தது.

"வாங்கம்மா. பதினோரு மாசமா ஒரு ஆப்சென்ட்கூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. அதான் கண்ணால பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். இன்னைக்குச் சாயங்காலம் முத்தரசி. கையெழுத்து இருக்கு. ஆளைக் காணோம். எங்க?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவளுக்கும் அன்றைக்குச் சாயங்கால டூட்டி. கேள்வி முடிவதற்குள் அவள் வாய் சொல்லிவிட்டது. "எக்ஸ்ரேக்குப் போயிருக்கா சார்."

"எக்ஸ்ரே ரூம் வழியாத்தாம்மா வாறேன். ரெண்டு மணிக்கே பூட்டியாச்சு."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிலோமினா சிரிக்காமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷமீம், கையில் ஊசித் தட்டோடு. லிஸ்டுப்படி ஷமீமுக்குக் காலை டூட்டி. இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள்.

அப்போது பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு கிழவி எழுந்து உட்கார்ந்தாள். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னாள். "முத்தரசியா ஐயா? தங்கமான புள்ள. தெனமும் காலையில வந்து எனக்குக் கஞ்சி குடுத்துட்டுல்லா போவும். இந்தச் சாவியம்மா வந்தா மட்டும் துணி ரூமுக்குள்ள போயிரும். பயந்த புள்ள."

டீச்சர், சிரிக்கிறீர்கள் நீங்கள். எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பதினோரு மாச எக்ஸ்ரேயும் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. லிஸ்டில் முத்தரசிக்குச் சாயங்காலம் போட்ட நாளெல்லாம் அவள் காலையில் வந்திருக்கிறாள். ஷமீமுக்குக் காலை போட்ட நாளெல்லாம் அவள் சாயங்காலம் வந்திருக்கிறாள். இரண்டு மணிக்கு ஒருத்தி போக, ஒருத்தி வர, பதிவேட்டில் மட்டும் என் லிஸ்ட் சொன்னபடி அவரவர் இடத்தில் கையெழுத்து. நான் வந்தால் முத்தரசி துணி அறையில். விரிப்புகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவில், நான் திரும்பிப் போகிற வரைக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஜே.டி. பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "தொகுப்பூதியம்தானே? இல்லாத நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கா. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே ஆர்டர் போட்டு அனுப்பிரலாம். உங்க மேல ஒண்ணும் வராது. உங்க கேடயத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

நல்ல மனுஷர்தான். எனக்கு வழி விட்டுத்தான் பேசினார். முத்தரசிக்கு இன்னும் மூன்று மாசம் இருந்தது நிரந்தரமாக.

பேனாவை வாங்கினேன். எழுதியிருக்க வேண்டும். எழுதுவதுதான் முறை. நானும் எழுதத்தான் போனேன். இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை டீச்சர். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஜூலை வெயில் வேறு. இரத்த அழுத்த மாத்திரை அன்றைக்குப் போட்டேனா என்றும் ஞாபகமில்லை. அதனால்தான் இருக்க வேண்டும். என் வாய் சொல்கிறது, "நான்தான் சார் மாத்திவிட்டேன்."

"என்னது?"

"முத்தரசியைக் காலையில வரச் சொன்னது நான்தான். ஷமீமைச் சாயங்காலம் வரச் சொன்னதும் நான்தான். வாயால சொன்னேன். லிஸ்ட்ல திருத்த மறந்துட்டேன்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"லிஸ்ட்ல உள்ளபடியே போட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட வரியை வாய்விட்டு வாசித்தார். "பதினோரு மாதங்களாக ஒரு பணி மாற்றமும் இல்லை. இதை எழுதினதும் நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"அப்ப இது பொய்."

"ஆமா சார்."

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் என்னைப் பார்த்து ஒருவர் பொய் என்று சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் என் நர்ஸுகள் முன்னால். என் மேல்தான் மெமோ வந்தது. விளக்கம் கேட்டு ஒன்று, எச்சரித்து ஒன்று. கேடயம் கண் ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டுக்குப் போனது. அந்த அம்மாள் லிஸ்டை நான் பார்த்திருக்கிறேன். பென்சிலில் எழுதுவாள், டீச்சர். பென்சிலில்!

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நான் செய்த ஒரே நிர்வாகத் தவறு அதுதான். மற்றபடி என் சர்வீஸில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஜே.டி. போனதும் மூன்று பேரையும் வரச் சொன்னேன். முத்தரசிக்கு ஆள் விட்டதும், அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தி அழாததையும் சேர்த்து அழுதாள் போல. பிள்ளை என் சாவிக் கொத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"யார் பண்ணின ஏற்பாடு இது?" என்று கேட்டேன்.

பிலோமினா போய்ப் பஞ்சு வைக்கிற பழைய டிரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். 'காலி' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே காய்ச்சல் எழுதுகிற சார்ட்டுகள் பத்துப் பன்னிரண்டு, பின்பக்கம் முழுக்க எழுத்து.

"இதுதான் சிஸ்டர் சின்ன லிஸ்ட். கண்ணாடியில இருக்கது பெரிய லிஸ்ட்."

வாங்கிப் பார்த்தேன். அடித்தல், திருத்தல், அம்புக்குறி. கோடுகூட நேராகப் போடவில்லை. யாருக்கு எந்த நேரம் ஏன் முடியாது என்று ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள். 'முத்தரசி – சாயங்காலம் கூடாது, பிள்ளை.' 'ஷமீம் – காலையில் வாப்பாவைக் குளிப்பாட்டணும், படுக்கையில் இருக்கார்.' 'கோமதி – வெள்ளி ராத்திரி போடாதே, வீட்டுக்காரர் குடிச்சிட்டு வருவார், பிள்ளைகள் தனியா இருக்கும்.' மாடி வார்டு நர்ஸ் எட்டுப் பேருக்கும் இப்படி. எனக்குக் கோமதி வீட்டுக்காரர் குடிப்பார் என்பதே தெரியாது. தெரிந்து நான் என்ன செய்ய?

கீழே கடைசியில் ஒரு வரிசை. 'பெரிய சிஸ்டர்' என்று போட்டிருந்தது. என் வரிசை.

'மழை நாள் – முட்டு வலிக்கும். கீழேயே போய் ரிப்போர்ட் சொல்லிவிடணும், படி ஏற விடக்கூடாது.' அப்புறம், 'நவம்பர் 9 – அவங்க வீட்டுக்காரர் இறந்த நாள். சத்தமாகச் சிரிக்கக்கூடாது. பிலோமினா முக்கியமாக.'

அதிகப்பிரசங்கித்தனம், இல்லையா? என்னை யார் லிஸ்டில் சேர்க்கச் சொன்னது? நான் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி வேறு சரியாகத் துடைக்கவில்லை, எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"ரவிக்கை தைக்கக் குடுத்தீங்களாமே சிஸ்டர்" என்றாள் பிலோமினா மெதுவாக.

"அதுக்கு என்ன?"

"இல்ல, எங்களால போச்சே."

"கோடு நேராப் போடணும்" என்றேன். "அடிஸ்கேல் வேணும்னா என் மேசையில இருக்கு. வந்து எடுத்துக்கோ."

அவ்வளவுதான் பேசினேன். கண்டிப்பு குறையவில்லை பாருங்கள். அடுத்த மாசத்திலிருந்து என்ன செய்தேன் என்றால், இருபத்தேழாம் தேதியே அந்தச் சின்ன லிஸ்டை வாங்கிக்கொள்வேன். அதைப் பார்த்துத்தான் என் பெரிய லிஸ்டை எழுதுவேன். அதே நான்கு நிற மை, அதே கோடு. கண்ணாடியில் ஒட்டினால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என் லிஸ்ட் என் லிஸ்ட்தான். அப்புறம் ஷமீமும் எக்ஸ்ரேக்குப் போகவில்லை.

உங்கள் மகளுக்கு எந்த வார்டு என்றீர்கள்? எலும்பு முறிவா? கஷ்டம்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் எல்லாருக்கும் அழுகைதான் வரும். நல்ல மையாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முத்தரசிக்கா? அவளுக்கு அக்டோபரில் நிரந்தர ஆணை வந்துவிட்டது. லட்டு வாங்கிக்கொண்டு கீழே வந்தாள். அறைக்குள் முழுசாக வந்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

பிலோமினாவா? அதை ஏன் கேட்கிறீர்கள்... சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா நர்ஸுகளைப் பற்றியும் நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஒழுக்கம், நேரம் தவறாமை, அப்படி இப்படி என்று வரிசையாக இருக்கும். அந்த வருஷத்துக் குறிப்பை ஏப்ரலிலேயே, இதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன். அதில் பிலோமினாவுக்கு 'நிர்வாகத் திறமை' என்ற இடத்தில் 'சுமார்' என்று எழுதியிருந்தேன். மனசாட்சிப்படிதான் எழுதினேன் டீச்சர். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜூலைக்கு அப்புறம் அதைத் திருத்தித் தரச் சொல்லி ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்தேன். அனுப்பியதை மாற்ற முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷக் குறிப்பில் 'மிக நன்று' என்று எழுதினேன், சிவப்பு மையில். ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் பழைய குறிப்பை வைத்துப் போட்டுவிட்டார்கள். அவளைவிடச் சின்னவர்கள் ஏழு பேர் மேலே போனார்கள். அதற்கடுத்த பட்டியல் வர நான்கு வருஷம் ஆனது.

பிலோமினா அதற்கு முந்தின மாசம் ஸ்டாஃப் நர்ஸாகவே ரிடயர் ஆனாள்.